ஹவ்வாவின் மகன்

திங்கள்கிழமை, மாலை நான்கு மணி இருக்கும்.

ரொட்டிக் கூடையோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த ஸனிய்யாவின் கண்ணில் முதலில் பட்டது தாழ்ப்பாள். மாமனாருடைய படங்கள் இருக்கும் அறைக்கு யாரோ வெளித்தாழ் போட்டிருந்தார்கள். பழைய தானியக் கிடங்கு அது; கதவில் கனத்த இரும்புத் தாழ் உண்டு, ஆனால் அதை யாரும் தொடுவதில்லை. கூடையை வைத்துவிட்டு இழுத்தாள். கதவு வெளியே திறக்க, அதில் சாய்ந்திருந்த மாமனார் உஸ்தாத் நுஃமான் அவள் காலடியில் சரிந்து விழுந்தார். உயிர் இல்லை. விரல் நகங்களுக்குள் கதவின் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

அவருடைய இன்ஹேலர் முற்றத்து பெஞ்சின் மேல், பாதி குடித்த தேநீருக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

உஸ்தாத் நுஃமானைத் தெரியாதவர்கள் எங்கள் எஸ்னா ஊரில் இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், சுவரில் தொங்கும் படத்தைப் பார்ப்பார். "இந்த மீசைக்காரரு யாரு? உங்க தாத்தாவோட சித்தப்பாவா? படத்தை ரெண்டு நாள் குடுங்களேன்" என்று நச்சரிப்பார். இப்படிச் சேர்த்த படங்களையும் பதிவு அலுவலகங்களில் தோண்டி எடுத்த பழைய பிறப்பு, கல்யாணப் பதிவுகளையும் வைத்து ஒரு வம்ச மரம் வரைந்து முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை அதைக் குடும்பக் கூடத்தில் மாட்டுவதாக இருந்தது.

அதில்தான் வினை. மரத்தில் பெண்களின் பெயர்களும் இருக்கும் என்று சொல்லிவிட்டார் மனுஷர். எங்கள் ஊரில் ஆம்பிளை தன் தாயின் பெயரை வெளியே சொல்லமாட்டான். பள்ளிக்கூடத்தில் எவனாவது உங்கள் அம்மா பெயரைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு யாராவது ஒருவருக்கு மூக்கு உடையும். அதிலும் நுஃமானின் தாய் கல்யாண வீடுகளில் ஆடிய பெண் என்று அரசல்புரசலாகப் பேச்சு. அவரைப் பெற்ற நாற்பதாம் நாளில் செத்துப்போனாள். பிறகு அப்பா கட்டிய இரண்டாம் மனைவியின் மகன்தான் பக்ரி, நுஃமானின் தம்பி. முதல் மனைவியின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததே இல்லை.

மாலை ஐந்தரைக்கு மேஜர் ஷுக்ரி வந்தார். கெய்ரோவிலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டவர். சூரியகாந்தி விதை கொறிக்காமல் அவருக்கு மூளை ஓடாது.

அறைக்குள் போனார். ஜன்னல் ஒன்றே ஒன்று, ஆளுயரத்துக்கு மேலே. படங்கள் வெளுக்கக் கூடாதென்று அதிலும் கறுப்புக் காகிதம். மேசையில் ஒரு காலிச் சட்டம். பக்கத்தில் ஈரம் காயாத பழுப்புக் காகிதமும் கிழிந்த பசைத் துணுக்குகளும். படத்தைக் காணோம்.

"வெளியிலேர்ந்து தாழ் போடு," என்றார் கான்ஸ்டபிளிடம். "நான் தட்டுவேன். மாடியில அடுப்புப் பக்கம் போய் நின்னு கேளு."

கதவு மூடியது. இருட்டு. பசை வாடையும் புழுதியும் தொண்டையை அடைத்தன. மேஜர் இரண்டு கையாலும் தட்டினார். கத்தினார். வெளியே கம்சீன் புழுதிக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே மூச்சு முட்டுவது போல ஆகிவிட்டது.

கதவைத் திறந்த கான்ஸ்டபிள் சொன்னான்: "ஒண்ணும் கேக்கல பாஷா. காத்துதான் கேட்டுச்சு."

மேஜர் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். "பாவம்யா அந்த ஆளு" என்றார்.

குடும்பத்துப் பெரியவர் ஹாஜ் தியாபுக்குச் சந்தேகமே இல்லை. "வீட்டுல இருந்தது அவ ஒருத்திதான். புருஷன் செத்துட்டான், மாமனாரும் போனா வீடு அவளுக்கு. வேற என்ன வேணும்?" ஸனிய்யாவை மாடியிலிருந்த புறாக் கொட்டடியில் தள்ளிப் பூட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெண்ணை அனுப்பினால் குடும்ப மானம் போய்விடுமாம். அடைத்து வைத்தால் மானம் வந்துவிடும் போல. அவளுடைய ஆறு வயது மகள் ரீமை, துக்க நாட்கள் முடிந்ததும் பக்ரி தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாக முடிவாயிற்று.

மேஜர் பூட்டைத் திறக்கச் சொன்னபோது உள்ளேயிருந்து ஸனிய்யாவே தடுத்தாள்.

"வேணாம் பாஷா. இப்பத் திறந்தா நான் எங்க போவேன்? கொலைகாரின்னு பேரோட தெருவுல இறங்கினா எங்க அண்ணன்களே என்னை உயிரோட விடமாட்டாங்க. யாரு செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து திறங்க. இல்லேன்னா திறக்காதீங்க."

வாசலில் கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு மேஜர் கீழே இறங்கினார். கையிலிருந்த விதை கையிலேயே இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து போனவர்கள் மூன்று பேர். மூவரையும் முற்றத்திலேயே விசாரித்தார்.

முதலில் போட்டோக்காரர் மீலாது.

"எப்ப வந்தீங்க?"

"காலையில. படத்தை காப்பி எடுக்கக் குடுத்திருந்தாரு, திருப்பிக் குடுத்துட்டுப் போனேன்."

"யாரு படம்?"

"ஒரு பொம்பளை. சின்ன வயசு. காதுல பெரிய வளையம்."

"பின்னால என்ன எழுதியிருந்துச்சு?"

"பின்னாலயா? பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்துச்சு பாஷா. நான் பிரிக்கல. உஸ்தாதோட பொருளை உரசினாலே அடிக்க வருவாரு."

அடுத்து ஹாஜ் தியாப்.

"சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். வம்ச மரத்துல பொம்பளைங்க பேரா? ஊர் சிரிக்காதா? திட்டினேன், தேநீர் குடிச்சேன், போயிட்டேன். அந்த ரூமுக்குள்ள கால் வைக்கல."

கடைசியாகத் தம்பி பக்ரி. வியாழக்கிழமை இறைவன் பெயரை ஓதும் திக்ரு சபைகளை நடத்துகிறவர், கையில் எப்போதும் உருட்டும் தஸ்பீஹ் மணிமாலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்று மேஜருக்குத் தோன்றியது, அது சரியும்கூட.

"அண்ணன் உங்ககிட்ட அந்தப் படத்தைக் காட்டினாரா?"

"இல்ல."

"அவங்க அம்மா பேரு?"

"அதையும் சொல்லல. 'வெள்ளிக்கிழமை எல்லாரோடயும் சேர்ந்து தெரிஞ்சுக்கடா'ன்னு சிரிச்சாரு."

"வெள்ளிக்கிழமைதானே உங்க மகளுக்கு நிச்சயம்?"

தஸ்பீஹ் மணி நின்றது. "ஆமா. பெரிய குடும்பம். நம்ம வம்சத்தைப் பார்த்துத்தான் கேட்டு வந்தாங்க."

செவ்வாய், காலை. நகராட்சி மருத்துவர் மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். புழுதிக்காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. கப்ருஸ்தானில் ஊரே கூடியது. மேஜரும் ஓரமாக நின்றார்.

மண் போட்டு முடித்ததும் ஷேக் தல்கீன் ஓதத் தலைமாட்டில் உட்கார்ந்தார். கேள்வி கேட்க வானவர்கள் வரும்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இறந்தவருக்கு எடுத்துச் சொல்வது. அப்போது மட்டும் ஆளை அப்பன் பெயரால் கூப்பிடமாட்டார்கள், தாயின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாவிட்டால், எல்லாருக்கும் தாயான ஹவ்வாவின் மகனே என்பார்கள்.

பக்ரி குனிந்து ஷேக்கின் காதில் ஏதோ சொன்னார். கூடப்பிறந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நுஃமானே, நுஸ்ஹாவின் மகனே!" என்று ஆரம்பித்தார் ஷேக்.

ஹாஜ் தியாபின் முகம் கறுத்தது. "ஹவ்வான்னு சொல்லச் சொன்னேனே அந்த ஷேக்குகிட்ட!" என்று பல்லைக் கடித்தார்.

திரும்பும்போது மேஜர் பக்ரியோடு சேர்ந்து நடந்தார்.

"நேத்து, பேரு தெரியாதுன்னீங்க?"

"அண்ணன் சொல்லலைன்னுதான் சொன்னேன் பாஷா. அப்பா சாகறப்ப என்கிட்ட சொல்லியிருக்காரு. என்ன இருந்தாலும் அண்ணன் போற எடத்துல அநாதையாட்டம் நிக்கக் கூடாதில்ல."

நியாயமான பதில். மூன்று பேரும் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள், கொட்டடியில் ஒருத்தி இருக்கிறாள். அதுதான் மேஜர் கையில் இருந்தது.

மதியம் மொட்டைமாடிக்கு ஏறினார். கொட்டடிக் கதவின் சந்து வழியாக ஸனிய்யாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. தலையில் புறா இறகுகள். ரீம் வெளியே உட்கார்ந்து சந்துக்குள் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். தாய் அந்த விரலைப் பிடித்திருந்தாள்.

"அடக்கம் முடிஞ்சுதா பாஷா?"

"முடிஞ்சுது."

"தல்கீன்ல என்ன பேரு சொன்னாங்க? ஹவ்வான்னா?"

"இல்லம்மா. பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நுஸ்ஹாவின் மகன்னு."

விரலை விட்டுவிட்டாள் ஸனிய்யா.

"நுஸ்ஹாவா? ஐயோ! அது மாமாவோட அம்மா பேரு இல்லையே! பேரு தமாம்."

"என்னம்மா சொல்ற?"

"தமாம். வரிசையா பொண்ணாப் பொறந்ததால 'போதும்'னு வச்ச பேரு. பதிவு ஆபீஸ்ல அவங்க பொறப்பு, கல்யாணம் ரெண்டும் பார்த்துட்டுத்தான் மாமா என்கிட்ட சொன்னாரு. 'நான் செத்தா இந்தப் பேரைச் சொல்லும்மா, ஹவ்வா மகன்னு என்னை மொட்டையா அனுப்பிடாதீங்க'ன்னாரு. நான் இங்க அடைபட்டுக் கெடந்தேனே, யார்கிட்ட சொல்வேன்!" அவள் அழுதாள். மாமனார் செத்ததற்கும் தன்னை அடைத்ததற்கும் சேர்த்து அழுதாள்.

"அப்ப நுஸ்ஹா யாரு?"

"ஆட்டத்துக்கு வச்ச பேரு. படத்துக்குப் பின்னால, அதை எடுத்த லக்ஸர் ஊர் போட்டோக்காரன் எழுதியிருந்தானாம். திங்கக்கிழமை மதியம் காகிதத்தை நனைச்சுப் பிரிச்சுட்டு வந்து சாப்பிடறப்ப சொல்லிச் சிரிச்சாரு. 'என் அம்மாவை அப்பாவைத் தவிர எல்லாருக்கும் நுஸ்ஹான்னுதான் தெரியும் போல'ன்னாரு. அதுக்கப்புறம்தான் நான் மாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு வந்தேன்."

மேஜர் விதைப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டார். படி இறங்கிய வேகத்தில் தொப்பியை மாடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பதிவு அலுவலகத்துக்குப் போய் அவள் சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டு, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் குடும்பக் கூடத்துக்கு வந்தார். கசப்புக் காப்பியும் குர்ஆன் ஓதலுமாகத் துக்கம் கேட்கிற கூட்டம். நடுவில் போய் நின்றார்.

"மன்னிக்கணும். ஒரே ஒரு கேள்வி. உஸ்தாதோட அம்மா பேரை ஷேக்குக்குச் சொன்னது யாரு?"

ஷேக் கை காட்டினார். பக்ரி எழுந்தார். "நான்தான். அப்பா சொன்ன பேரு. அதிலென்ன தப்பு?"

"உங்க அப்பா கட்டினது தமாம்கிற பொண்ணை. கல்யாணப் பதிவுல அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. தன் பொண்டாட்டி ஆடினான்னு வெளியே தெரியாம இருக்க உசிரைக் குடுத்த மனுஷன், சாகற நேரத்துல அவளோட ஆட்டக்காரிப் பேரையா மகன்கிட்ட சொல்வாரு?"

கூடத்தில் ஓதல் நின்றுவிட்டது.

"இந்த வீட்டுல நுஸ்ஹாங்கிற பேரு ஒரே எடத்துலதான் இருந்துச்சு. படத்துக்குப் பின்னால. மீலாது குடுக்கறப்ப அது ஒட்டியிருந்துச்சு. உஸ்தாத் பிரிச்சது திங்கக்கிழமை மதியம். மாலைக்குள்ள படம் காணாமப் போச்சு. ஆக, அந்தப் பேரைப் படிச்சவன் அந்த ரூமுக்குள்ள, அந்த மதியத்துல நின்னவன். பக்ரி, படத்தை எங்க வச்சிருக்கீங்க?"

பக்ரி நின்றபடியே தள்ளாடினார்.

"பேரு தமாமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப... நான் அவரை வேற பேருல அனுப்பிட்டேனா?"

"ஆமா."

அதற்கப்புறம் எல்லாம் கொட்டியது. அண்ணன் ஆசையாக உள்ளே கூட்டிப் போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறார். வேண்டாம் அண்ணே, மகள் கல்யாணம் நின்றுவிடும் என்று இவர் கெஞ்சியிருக்கிறார். 'என் அம்மா இல்லாம என்னடா மரம்?' என்றிருக்கிறார் அவர். படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது, துரத்தி வராமல் இருக்கத்தான் தாழ்.

"மருமக இறங்கி வந்து திறந்துடுவான்னு நெனச்சேன் பாஷா. மருந்து வெளியில இருந்தது தெரியாது, சத்தியமா தெரியாது. படத்தை அடுப்புல போட்டேன். அப்புறம் செய்தி வந்துச்சு... ஹவ்வா மகன்னு அவரை அனுப்ப மனசு வரல. கடைசியா ஒரு நல்லது செய்யலாம்னு..."

"நல்லது செய்யலேன்னா தப்பிச்சிருப்பீங்க," என்றார் மேஜர். குரலில் சந்தோஷம் இல்லை.

கொட்டடியின் பூட்டை ஹாஜ் தியாபே திறக்க வேண்டும் என்று மேஜர் பிடிவாதம் பிடித்தார். கிழவர் திறந்தார். "மகளே, எங்க பக்கம் தப்பாப் போச்சு" என்றார். ஸனிய்யா அவரைப் பார்க்கவே இல்லை. இறகுகளைக்கூடத் தட்டாமல், ரீமைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கப்ருஸ்தானுக்கு நடந்தாள். ஆண்கள் பின்னால் வந்தார்கள். பெண்கள் வருகிற நேரமில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஷேக் மறுபடியும் தலைமாட்டில் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார், இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் எப்படிக் கேட்பது என்று தயங்கினார். "மகளே, பேரை என் காதுல மட்டும் சொல்லும்மா."

"காதுல எதுக்கு?" என்றாள் ஸனிய்யா. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உரத்துச் சொன்னாள்: "தமாம். எங்க மாமாவோட அம்மா பேரு தமாம்."