மேலே தெரியாத அலை

“டமால்!”

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் பள்ளிக்கூட ஹாலே திரும்பிப் பார்த்தது. ஏழாம் வகுப்பு தாஹிராவின் கண்ணாடித் தொட்டி தரையில் சிதறிக் கிடந்தது. பக்கத்தில், எரிமலை மாதிரியை ஏற்றிய தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஆகாஷ் விறைத்து நின்றான்.

“பாக்காம இடிச்சிட்டேன் தாஹிரா...”

அறிவியல் கண்காட்சிக்கு நடுவர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ராஜாங்கம் சார் ஓடிவந்தார். “போகட்டும் விடு. கடலுக்கு உள்ள அலை ஓடுதாம், அடியில சேத்தைக் கிளப்புதாம்! கச்சிராயபாளையத்துல கடல் ஏது? இருக்கிறது அணை ஒண்ணுதான். அலைன்னா மேலதான் அடிக்கும். நீ ஆகாஷோட எரிமலைக்குப் பக்கத்துல நின்னுக்கோ.”

“மாட்டேன் சார். கடலுக்கு உள்ளயும் அலை இருக்குன்னு புத்தகத்துல படிச்சேன். எங்க கடை சர்பத் கிளாஸ்ல தினம் பாக்குறேன். காட்டாம போகமாட்டேன்.”

“எதுல காட்டுவே?”

தாஹிரா வெளியே ஓடினாள். பள்ளிக்கு எதிரில்தான் அவள் அத்தா கலீலுல்லாவின் சர்பத் கடை.

“அத்தா, அந்தப் பெரிய சதுர பிளாஸ்டிக் ஜாடி வேணும்!”

“அதுல வர்க்கி இருக்குதே. இன்னாத்துக்கும்மா?”

“கொட்டிடுங்க. படுக்க வெச்சு மேல்பக்கத்தை வெட்டிக் குடுங்க.”

அத்தா ஜாடியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்தார். நீள சர்பத் கரண்டியோடு தானும் கூடவே வந்தார்.

ஜாடிக்குள் பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்தாள் தாஹிரா. அதுதான் கடலடிச் சரிவு. அதன்மேல் கோமுகி அணையோரம் அள்ளிவந்த வண்டலைப் பரப்பினாள். எரிமலைக்கு வைத்திருந்த சிவப்புச் சாயத்தில் பாதியை, அவள் கேட்காமலேயே ஆகாஷ் நீட்டினான். சாயம் கலந்த உப்புத் தண்ணீர் அடியில் நின்றது. அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல மெல்ல இறக்கினார் அத்தா. கீழே சிவப்பு, மேலே தெளிவு!

அத்தா திருப்தியாகச் சிரித்தார். கரண்டியை உள்ளே விட்டார். கடகடவென்று ஒரு கலக்கு கலக்கினார்!

“அத்தா!”

“ஐயோ, கைப்பழக்கம்மா! என்னிக்கு நான் கலக்காம சர்பத் குடுத்திருக்கேன்?”

எல்லாம் சேறும் சிவப்புமாகக் குழம்பிப் போனது.

“வுட்டுடு தாஹிரா,” என்றான் ஆகாஷ். “நடுவர் மேடம் வந்துக்கினு இருக்காங்க.”

“வரட்டும். நீ பக்கெட்டைப் புடி.”

கொட்டினாள். மறுபடியும் அட்டை, வண்டல், உப்புத் தண்ணீர். ஆகாஷ் மிச்சச் சாயத்தையும் ஊற்றினான்.

“உன் எரிமலைக்கு?”

“அது வெள்ளையாவே பொங்கட்டும்.”

இந்தத் தடவை அத்தா ஊற்றி முடித்ததும் தாஹிரா கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நடுவர் மேடம் குனிந்து பார்த்தார். “அலையையே காணோமே?”

ராஜாங்கம் சார், ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

தாஹிரா தண்ணீர்மேல் ஒரு பொரியை மிதக்கவிட்டாள். ஸ்கேலைச் சிவப்புக்குள் இறக்கி மெல்ல அசைத்தாள். பொரி லேசாக ஆடியதோடு சரி. ஆனால் அடியில் சிவப்பு மேடாக எழும்பியது, நகர்ந்தது, சரிவில் ஏறி உடைந்தது. வண்டல் புகைபோலக் கிளம்பிச் சுழன்றது.

“யம்மாடி!” என்றது ராஜாங்கம் சார்தான்.

“கனமான தண்ணி கீழ, லேசான தண்ணி மேல. ரெண்டுக்கும் நடுவுல இந்த அலை ஓடும் மேடம். சரிவுல மோதினா சேறு கிளம்பும். மேல போற படகுக்கு அது தெரியவே தெரியாது.”

மேடம் வியப்போடு நிமிர்ந்தார். “நேர்ல பார்த்த மாதிரி சொல்றியே! கடலுக்கு எத்தனை தடவை போயிருக்கே?”

“ஒரு தடவைகூடப் போனதில்ல மேடம். போனவங்க எல்லாம் மேலதானே பாத்துட்டு வந்தாங்க?”