புல்வெளியில் இன்னொரு நிழல்

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டாள். எல்லாம் திரும்பியது, ஒரு நிழலைத் தவிர.

கம்ப்யூட்டரில் படம் வரைகிறவர்களுக்கு இது பழக்கம்தான். ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் கண் பழகிப்போய்த் தப்பு தெரியாது. கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினால் கோணல் எல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். இடப்பக்க மலை வலப்பக்கம் போனது. மலை ஏறும் மண்பாதை, பட்டுப்போன மரம், முன்னால் விரிந்த புல்வெளி, அதில் நீளமாக விழுந்திருந்த அவளுடைய நிழல், எல்லாம் ஒழுங்காக இடம் மாறின. அந்த நிழல் அவளே காலையில் வரைந்தது. "அழகாத்தான் இருக்கு, ஆனா நிஜம் மாதிரி இல்லையே" என்று மேலாளர் தினமும் ஒரே பாட்டைப் பாடி உயிரை வாங்கினார். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், நம் நிழல் புல்லில் என்று வைத்தால், பார்க்கிறவருக்கு அங்கேயே நிற்பது போல இருக்குமே என்று தோன்றியது.

ஒன்றுதான் வரைந்தாள். இப்போது ரெண்டு இருந்தன. ரெண்டாவது வலது ஓரத்தில், திரும்பாமல், நின்ற இடத்திலேயே நின்றது.

அடி அசடே, அழுக்கா இருக்கும். திரையைத் துணியால் துடைத்தாள். போகவில்லை. மெல்லிய தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரிதான் அந்தப் படம். ஏதோ ஒரு லேயரில் கை தவறிக் கிறுக்கியிருப்போம் என்று ஒவ்வொன்றாக மறைத்தாள். வானம் போனது. மலை போனது. புல்லும் போய் வெறும் வெள்ளை மிஞ்சியது.

வெள்ளையில் அந்த நிழல் நின்றது.

அப்படியானால் அது படத்தில் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து திரைமேல் விழுகிறது. நிறம் சரியாகத் தெரியட்டும் என்று மத்தியானமே தடித்த திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தாள். குழந்தை எழுந்து வெளியே போய்விடக் கூடாதென்று கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டாயிற்று. பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது, நிழல் விழ வழியே இல்லை. அங்கே இருப்பது ஒரு கட்டில். கட்டிலில், காய்ச்சல் மருந்து குடித்துவிட்டுத் தூங்கும் மகள். அவளுடைய குட்டி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முணுமுணுத்தாள். மூடிய அறைக்குள் மிதிபட்ட புல்லின் பச்சை வாசனை வந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் குழந்தையின் சளி கட்டிய மூச்சு கரகரத்தது. அதை ஒட்டி இன்னொரு மூச்சு, நீளமாக, மெதுவாக, குழந்தையின் மூச்சோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தது.

திரும்பு. பிள்ளையைத் தூக்கு. ஓடு. கழுத்து திரும்பவில்லை.

"குட்டி..."

கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கால்கள் தரையில் இறங்கின.

திரையில், பெரிய நிழலுக்குப் பக்கத்தில், சின்ன நிழல் ஒன்று வந்து நின்றது. துருத்திய ரெட்டைச் சடை. அவள் கையால் பின்னியது. இடது சடை எப்போதும் போலக் கொஞ்சம் தூக்கி இருந்தது.

"அம்மா, இந்த அத்தை மலை காட்டுறாங்களாம். போகவா?"

"போகாத! அம்மாகிட்ட வாடி கண்ணு!"

பெரிய நிழல் குனிந்தது. கை நீண்டது.

பதறித் திரும்பினாள். கட்டில் காலி. போர்வையில் இன்னும் சூடு. தாழ்ப்பாள் போட்டபடி. திரைச்சீலை மூடியபடி. கட்டிலுக்கடியில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதறினாள்.

வெள்ளைத் திரையிலும் இப்போது யாரும் இல்லை. மறைத்த லேயர்களைத் திறந்தாள். வானம். மலை. புல்லில் அவள் நிழல் மட்டும், தனியாக. மண்பாதையில் பாதி மேட்டில் ரெண்டு நிழல்கள். ஒன்று நெட்டை. ஒன்று ரெட்டைச் சடை. கைகோத்தபடி. தூரம் போகப் போகக் கறுப்பு வெளுத்து நீலம் ஏற வேண்டும், அதுதான் நிஜம் என்பது அவள் படித்த பாடம். ரெண்டும் அப்படியே வெளுத்திருந்தன.

படத்துக்குள்ளே இருக்காது. இருக்கக் கூடாது. கடவுளே, பின்னாலிருந்துதான் விழணும். விசையை அழுத்திப் படத்தைத் திருப்பினாள்.

மலை திரும்பியது. மரம் திரும்பியது. பாதை திரும்பியது.

பாதையோடு அந்த ரெண்டு நிழலும் திரும்பின. சின்னதற்கு இப்போது வலது சடை தூக்கி இருந்தது.