ஆரஞ்சு யானை

டீயில் ஆடை படிந்திருந்தது. இப்போதுதானே ஊற்றினாள்? கோப்பையை எடுத்தபோது சட்டைக் கை சில்லென்று தோலில் ஒட்டியது. டீ சிந்தியிருக்கும். வேலையில் உட்கார்ந்தால் உனக்கு உலகமே மறந்துவிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள் கழுகுக்கண்.

வலிப்பு வார்டில் அவளுக்கு வைத்த பெயர் அது. நோயாளியின் தலையில் ஒயர் ஒட்டி, நாள் முழுக்க வீடியோ எடுத்து, வந்தது எந்த வகை வலிப்பு என்று குறிப்பது அவள் வேலை. கீழே விழுந்து உதறினால் யாருக்கும் தெரியும். வெறித்துப் பார்த்து, வாயைச் சப்புக்கொட்டி, விரலால் எதையோ நோண்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போகிறவர்களைப் பிடிக்கத்தான் கழுகுக்கண் வேண்டும்.

இன்று வீட்டிலிருந்தே வேலை. கணவர் வெளியூரில். எட்டு மாத மகளைப் பின்னால் பாயில் உட்காரவைத்து, கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு, குளியல் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு வந்திருந்தாள். இந்த ஒரு வீடியோ முடிந்தால் குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

நேற்றைய வீடியோ. படுக்கையில் இருந்த கல்லூரிப் பெண் அவசரப் பொத்தானை அழுத்தியிருந்தாள். கண் தெளிவாக இருந்தது, கை அமைதியாக இருந்தது, மூளை அலையில் மாற்றமே இல்லை. தெரியாமல் அழுத்தியிருப்பாள் என்று நேற்றே எழுதிவிட்டாள். படுக்கையை மட்டுமே பார்த்துப் பழகிய கண். இன்று ஒலியைக் கூட்டினாள்.

"அக்கா, என்னைப் பாருங்க. ஒரு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆரஞ்சு யானை."

நினைவு தப்புகிறதா என்று பார்க்க நோயாளிகளிடம் இவள் சொல்லும் வார்த்தை அல்லவா அது? இந்தப் பெண் யாரிடம் சொல்கிறாள்?

திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

அங்கே அவளே நின்றாள். கண் வெறித்திருந்தது. உதடு சப்புக்கொட்டியது. இடது கை சட்டைப் பொத்தானைத் திருகியது. பிறகு நடந்துபோய், தலையணையைத் தட்டி, போர்வையை மடித்து வைத்தாள். முழுதாக இரண்டு நிமிஷம்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்?"

திரையில் இருந்தவள் சிரித்தாள். "எப்போ?"

நேற்று. அதற்கு முன் எத்தனை தடவை? அப்புறம் இன்று. ஆறிப்போன டீ.

குழாய்ச் சத்தம் கேட்டது. கிலுகிலுப்பைச் சத்தம் இல்லை.

"கண்ணு?"

திரும்பினாள். பாயில் கிலுகிலுப்பை மட்டும் கிடந்தது.

குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக வந்து அவள் காலைத் தொட்டது. குனிந்தாள். இரண்டு சட்டைக் கைகளும் முழங்கை வரை நனைந்திருந்தன. மடியில், பொத்தான்களைப் பார்த்துப் பார்த்துக் கழற்றி, அழகாக மடித்து வைத்த குழந்தையின் கவுன்.