இன்ஜின் படத்தில் ஒரு கை

படத்தில் ஒரு கை கூடுதலாக இருந்தது.

மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஷெட் தகரத்தின் மேல் மத்தியான மழை விடாமல் கொட்ட, பழைய ஆயிலும் ஈர ரப்பருமாக நாறிய மங்கலில், செல்போன் திரையில் இன்ஜினுக்குப் பின்னாலிருந்து நாலு விரல்கள் எட்டிப் பார்த்தன. நகங்களில் நீலப் பாலிஷ். நிமிர்ந்து பார்த்தால் அங்கே வெறும் இரும்புதான்.

மகளின் நகம். பெற்றவருக்குத் தெரியாதா?

எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் ஒரு படம், மாட்டிய பிறகு ஒரு படம் என்று அவரைப் பழக்கிவிட்டவளே அவள்தான். "நட்டு மிச்சம் விழுந்தா திருதிருன்னு முழிப்பேப்பா, படம் எடுத்து வெச்சுக்கோ" என்பாள். இந்தக் காரை ஓட்டிப் போய்த்தான் லாரியில் மோதிச் செத்தாள். இவர் அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் துணியில் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பிள்ளையின் கையை ஒரு தடவை பிடித்துக்கொள்ளக்கூட விடவில்லை. அந்தக் குறை நெஞ்சை அரித்தது. காயலான் கடையில் போட மனசு வராமல், காரைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"போதும் மாமா," என்றான் மைத்துனன். தூக்கி நின்ற பானெட்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டுநர் சீட்டில், சாவியைப் பிடித்தபடி காத்திருந்தான். "இன்ஜினுக்கு என்ன வரனா பாக்கறோம், இத்தனை போட்டோ?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

மெக்கானிக் பெல்ட்டை மாட்டினார். ஒரு படம். கை மணிக்கட்டு வரை வந்திருந்தது.

போல்ட்டை முடுக்கினார். இன்னொரு படம். முழங்கை வரை. உள்ளங்கை விரிந்திருந்தது, காசு கேட்கும் குழந்தை போல.

ஓடிவிடலாம். எப்படி ஓடுவது? யாரை விட்டுவிட்டு?

"என்னடா கண்ணு?" என்றார், வாய்க்குள்.

பெல்ட்டுக்கும் விசிறிக்கும் நடுவே இடது கையை விட்டார்.

சில்லென்றிருந்தது. விரல்கள். ஐந்தும்.

வலது கையால் படம் எடுத்தார். திரையில் இரண்டு கைகள், பின்னிக்கொண்டு.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா மாமா?"

இழுத்துப் பார்த்தார். விடவில்லை. சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பாளே, அதே பிடி. கண் நிறைந்து வழிந்தது. அவருக்கும் விட மனசில்லை.

"மாமா?"

"ம்... போடுப்பா."

விரல்கள் இன்னும் இறுக்கின. சாவி திரும்பியது.