பூச்சியத்திலிருந்து ஏழு கிலோமீற்றர்

மகள் மீனுவின் செருப்புகள் இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அல்ல. இடதின் பட்டி வலதின் றப்பருக்குள்ளால் போய் மறுபக்கம் வந்திருந்தது. வாசலில் நின்ற வர்ஷினி குனிந்து பார்த்துவிட்டு, நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண் அப்படித்தான் காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு இன்று பயப்பட இடமில்லை. மனம் முழுக்கக் கோபம் நிரம்பியிருந்தது.

கைபேசியிலேயே கொழும்பின் தெருக்களிலும் விற்பனைக்கு வரும் வீடுகளிலும் நடந்து திரியவைக்கும் செயலி அவள் வேலை செய்யும் நிறுவனத்தினுடையது. மாதிரிக்கென்று முதலில் அளந்து ஏற்றியது வெள்ளவத்தையில் இருக்கும் அவளுடைய இந்த மூன்றாம் மாடி வீட்டைத்தான். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அவளே கொடுத்தாள். கொட்டாஞ்சேனையில் அலுவலகத்துக்குப் பால் காய்ச்சிய அன்று, தான் தேங்காய் உடைத்த இடத்தையே அந்தத் திரை நகரத்தின் பூச்சியமாக வைக்கச் சொன்னார் முதலாளி விக்ரமன். நல்ல நேரத்தில் தொடங்கிய இடம், எல்லாம் அங்கிருந்தே அளக்கப்படட்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும்தான்.

திரையில் ஒரு பொருள் எங்கே நிற்க வேண்டும், என்ன நிறம் என்று சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். அதைக் கைபேசிக்கு விளங்கும்படி மாற்றும் கொம்பைலர் வர்ஷினியின் பொறுப்பு. ஓர் எண்ணை எவ்வளவு நுணுக்கமாக வைப்பது என்பதைப் பிட் கணக்குத்தான் சொல்லும்; நிறத்துக்குப் பதினாறு பிட் போதும். படம் வேகமாக ஓடும், பற்றரியும் மிஞ்சும். இடத்துக்கு முப்பத்திரண்டு வேண்டும். அந்த ஒரு கட்டளையை அவள் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரம், விக்ரமன் அதை அழித்துவிட்டுச் செயலியை வெளியிட்டுவிட்டார்.

“போன் சூடாகுது எண்டு சனம் கத்துது, தங்கச்சி. இப்ப பாரும், பறக்குது.”

“சேர், பதினாறு பிட்டில பூச்சியத்துக்குக் கிட்ட மயிர் கூட வடிவாத் தெரியும். ஏழு கிலோமீற்றர் தள்ளிப் போனா நாலு மீற்றருக்கு ஒரு இடந்தான் இருக்கும். ஒரு அறைக்குள்ள இருக்கிற எல்லாம் ஒரே புள்ளியில போய் நிக்கும்.”

“வெள்ளவத்தையிலதானே? அங்க எப்பவும் நெரிசல்தான்.”

பக்கத்து மேசைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பை அவள் கொழும்பின் காலி வீதி முழுக்க பஸ்ஸில் சுமந்து வந்தாள். அவள் எதைச் சொன்னாலும் அதன் கடைசி இலக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைத்தான் அவள் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டை விட்டுப் போன புருஷனும் அப்படித்தான் செய்தான்.

உள்ளே விளக்கு எரிந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் வந்தது. நெருங்கி வரவில்லை; அதன் சத்தம் முதலில் இல்லாதிருந்தது, பிறகு கூடத்துக்குள் முழுதாக நின்றது, பிறகு இல்லை. சுவரில் பல்லி விளக்கருகே இருந்தது. அடுத்த கணம் யன்னலருகே. இடையில் அது ஓடியதை அவள் காணவில்லை. உப்புக் காற்றும் கருகிய பருப்பும் ஒரே மூச்சில் ஒரே மணமாக மூக்கில் ஏறின.

“பழனியம்மா?” மீனுவைப் பார்த்துக்கொள்ளும் மனுசி அவள்.

“பாப்பா சாப்பிட்டுருச்சுங்கம்மா.” அறைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்கு உள்ளேயே, அதே நேரத்தில், மகளின் குரலும் இருந்தது. “சாப்பிட்டன்.”

வர்ஷினியின் கை விக்ரமனை வீடியோவில் அழைத்தது. அலுவலக மேசையிலிருந்து அவர் முகம் வந்தது. எவ்வளவு தெளிவு. மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக.

“பழையபடி மாத்துங்கோ சேர். இப்பவே.”

“ஏன் கத்துறீர்? இங்க எல்லாம் வடிவா இருக்கே.”

“உங்களுக்கு இருக்கும். நீங்க பூச்சியத்தில இருக்கிறியள். இங்க என்ர வீட்டுக்குள்ளயே, உண்மையா, எல்லாம் ஒரு புள்ளிக்குப் போகுது.”

“படத்தில இருக்கிற ஆக்கள்தானே, தங்கச்சி. நாளைக்குப் பாப்பம்.”

திரை அணைந்தது. அறைக் கதவு மூடியிருந்தது. பிறகு திறந்திருந்தது.

கட்டிலருகே ஓர் உருவம்.

பழனியம்மாவின் நரைமுடி. அதற்குள்ளால் மீனுவின் பின்னல்கள். ஒரே முகம். முதிய கண்களின் நடுவே இரண்டு சின்னக் கண்கள், அவளைத் தேடின.

“அம்மா, நெரிக்குது.”

பின்னால் வாசல் திறந்தே கிடந்தது. படிக்கட்டில் வெளிச்சம். ஓடினால் தப்பலாம். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. என் பிள்ளை. புள்ளி இல்லை.

முன்னால் கால் வைத்தாள்.

நடக்கவில்லை. தரையைக் கடக்கவில்லை. முகத்தில் காற்றும் படவில்லை.

அங்கே இருந்தாள்.

சூடு. இருட்டு. யாருடைய மூச்சு என்று தெரியவில்லை. மகளை அணைக்கக் கையைத் தூக்கினாள். மூன்று பேரின் கையும் ஒன்றாக உயர்ந்தது. அணைக்க வெளியே ஒருவரும் இல்லை. அவளுடைய விலாவுக்குள், அவளுடைய இதயத்தோடு, சின்ன இதயம் ஒன்று பதறிப் பதறி அடித்தது. அதற்கும் உள்ளே முதியது ஒன்று, மெதுவாக.

அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ எழுந்து நடந்தார்கள். ஒரு காலடி. இன்னொன்று. பிறகு காலடி இல்லை.

விலாவுக்குள் நாலாவது இதயம் அடிக்கத் தொடங்கியது.