காணாமல்போன மீன்மூக்கு

சின்ச்சு நகரத்துக் காற்று ஆளைத் தூக்கி அடுத்த தெருவில் இறக்கிவிடும். அன்று காலை அது பேராசிரியர் லியாவ் என்பவரை சுவாங் அம்மாளின் மேசைக்கு முன்னால் இறக்கியது. ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளைக் கம்பெனிகளாக்க உதவும் அலுவலகம் அது. அதன் தலைவி சுவாங் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"மீன்மூக்கோட சிப்பைக் காணோம்! மத்தியானம் பணம் போடறவங்க வர்றாங்க. என் மாணவி பெய்ஷான்தான் எடுத்திருப்பா. வேற கம்பெனிக்குப் போறாளே! போலீஸைக் கூப்பிடப் போறேன்," என்று கத்தினார் லியாவ்.

மீன்மூக்கு அவருடைய கருவி. மீனை மோந்து, கெட்டதா நல்லதா என்று சொல்லும். பிடித்த படகின் பெயரைக்கூடச் சொல்லும் என்று ஊரில் பேச்சு.

லியாவின் கண் பிரிண்டர் மேலிருந்த பச்சைப் பொரிப் பொட்டலத்தில் விழுந்தது. மெஷின் மக்கர் பண்ணாமல் ஓட அதன் மேல் பொரி வைப்பது அந்த ஊர் நம்பிக்கை. "நீங்களுமா? பொரி வெச்சா மெஷின் ஓடுமா?"

"எடுத்துப் பாருங்க, நின்னுடும்," என்றார் சுவாங்கின் உதவியாளர் காவ், வேகமாக.

மூவரும் போய்ப் பார்த்தால், லியாவின் ஆய்வுக்கூடத்தில் எல்லாக் கருவிகள் மேலும் பச்சைப் பொட்டலம். மீன்மூக்கின் மேல் மட்டும் மஞ்சள். பக்கத்துத் தட்டில் இரண்டு கானாங்கெளுத்தி: ஒன்று புதுசு, மற்றது மோந்தவனை மயக்கம்போட வைக்கும்.

பெய்ஷான் அழுது ஓய்ந்து நின்றாள். "போலீஸ் வந்தா புது வேலை போச்சு மேடம். இந்த மீனும் பொரியும் நேத்து நான் கிளம்பறப்ப இல்ல. தன் கருவி மேல சார் பொரி வைக்கவே விடமாட்டாரு."

"திருட வர்றவங்க மீன் வாங்கிட்டா வருவாங்க?" என்றார் சுவாங். "வந்தவங்க சோதிச்சுப் பார்க்க வந்திருக்காங்க. ஓடணுமேன்னு பொரியும் வெச்சிருக்காங்க."

"ஆனா மஞ்சள் மேடம்!" காவ் துள்ளினார். "பச்சைன்னா ஓடு, மஞ்சள்னா நில்லு. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே தெரியுமே!"

"பிள்ளைங்களுக்குத் தெரியும்," என்றார் சுவாங். " பொரியைக் கேலி பண்ணியே காலம் தள்ளினவருக்கு?"

யாரும் லியாவைப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து சிப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"நேத்து சாயங்காலம் அழுகின மீனைப் புதுசுன்னு சொல்லிச்சு. திரும்பத் திரும்ப அதேதான். கடைக்கு ஓடி, கைக்கு வந்த பொட்டலத்தை வாங்கி வெச்சேன். அப்பவும் அதே. தோத்துட்டேன்னு சொல்றதைவிட, திருட்டுப் போச்சுன்னு சொல்றது கௌரவமாப் பட்டுது."

"ஓடலைன்னு வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க," என்றார் சுவாங். "கம்பெனி தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனா முதல்ல இவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

லியாவ் பெய்ஷானுக்கு முன்னால் இடுப்பு வளைய, நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"காலைல எதாவது சாப்பிட்டீங்களா, சார்?" என்று கேட்டாள் அவள்.

குனிந்தவர் நிமிரவே இல்லை.