கயிற்றின் மறுமுனை

பிரேக் பிடித்தது. ரோவீனாவுக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

இரண்டு கோடையாக வறண்ட ஓடைப் படுகையில் கிடந்த பிக்கப் அது. வேலி போட வந்த ஒருவன் அதை அங்கே விட்டுவிட்டு எங்கோ நடந்து போனான். தேடிப் போனவர்களுக்கு அவன் கிடைக்கவில்லை. வண்டியைக் கேட்டும் யாரும் வரவில்லை. அவள் கணவன் கிளைவ் டயர்களுக்குக் காற்றடித்தான், பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடியில் செம்மண் தூள் படிந்திருந்தது. ஆனால் பெடலை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி கெட்டியாக நின்றது.

"ரோ, இங்க வந்து மிதிச்சுப் பாரு. நம்ம வண்டிய விட நல்லாப் பிடிக்குது!"

"ஆயிலே இல்லாம எப்படிப் பிடிக்கும்?"

"குழாய்ல மிச்சம் மீதி இருக்கும். எதைச் செஞ்சாலும் ஒரு நொட்டை சொல்லணும் உனக்கு."

"செத்த வண்டியாப் பொறுக்கிட்டு வரணும் உனக்கு. கொட்டகைல இருக்கறது பத்தாதா?"

கிளைவ் சிரித்தான். கயிற்றின் ஒரு முனையை அவள் ஓட்டும் பிக்கப்பின் பின்னால் மாட்டினான், மறுமுனையை அந்த வண்டியின் முன்னால். "நீ மெதுவாப் போ. கயிறு தொய்யாம நான் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வரேன். வழில வர வேலி கேட்டை நீ திற, ரெண்டு வண்டியும் தாண்டினதும் நான் இறங்கி மூடறேன். திரும்பி வந்து ஏறிட்டு கதவுல ரெண்டு தட்டு தட்டுவேன், கிளம்பிடு. வாக்கி டாக்கில சார்ஜ் கம்மி, அவசரம்னா மட்டும் கூப்பிடு."

குயின்ஸ்லாந்தின் அந்தப் பக்கத்தில் மழை என்பது பேச்சோடு சரி. சாயங்கால வெயில் இன்னும் தோலை உரித்தது. காற்று பின்னாலிருந்து அடித்ததால், சக்கரங்கள் கிளப்பிய செம்புழுதி விலகிப் போகாமல் வண்டிகளோடு கூடவே வந்தது. பக்கக் கண்ணாடியில் கயிறு கொஞ்ச தூரம் தெரிந்தது, அதற்கப்பால் சிவப்புத் திரை. அதற்குள்ளேதான் கிளைவ் இருந்தான். அவனுடைய கால் பெடலைத் தொடுவதையும் விடுவதையும் அவள் தன் இருக்கையின் அடியில் உணர்ந்தாள். பள்ளத்தில் இறங்கும்போது ஒரு குலுக்கல், மேட்டில் ஏறும்போது ஒரு வெட்டு. முரட்டு மனிதன். பிரேக்கைக்கூட எட்டி உதைப்பது போலத்தான் மிதிப்பான். அந்தக் குலுக்கலில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

முதல் கேட் சொன்னபடி நடந்தது. இரண்டாவது கேட்டில் அவள் இறங்கித் திறந்தாள், இரண்டு வண்டிகளையும் தாண்டச் செய்து நிறுத்தினாள், புழுதிக்குப் பயந்து ஜன்னலை ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள். இரும்புச் சங்கிலி உரசும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னால் கதவில் தட் தட் என்று இரண்டு தட்டு.

கிளம்பினாள்.

அதன் பிறகு பயணம் சுகமாக இருந்தது. கயிறு ஒருமுறைகூடத் தொய்யவில்லை. ஓடைப் பள்ளங்களில் அவள் கால் பிரேக்கைத் தேடும் முன்பே பின்னாலிருந்து ஒரு மென்மையான பிடி அவளைத் தாங்கி இறக்கியது. வளைவுகளில் அந்த வண்டி அவள் தடத்திலேயே வந்தது. வெட்டு இல்லை, குலுக்கல் இல்லை. கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டான் என்று முதலில் நினைத்தாள். அப்புறம், கிளைவாவது கற்றுக்கொள்வதாவது என்று தோன்றியது. ரேடியோவைப் போட்டாள், இரைச்சல்தான் வந்தது, அணைத்தாள். புதர்களின் நிழல்கள் நீண்டு பாதையின் குறுக்கே விழுந்திருந்தன. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. இன்ஜின் உறுமலும் கயிறு இழுபடும்போது எழுந்த மெல்லிய முனகலும் மட்டும்.

சமதரையில், எந்தக் காரணமும் இல்லாமல், பின்னாலிருந்த பிடி இறுகத் தொடங்கியது.

அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது. பிரேக் கருகும் நாற்றம் புழுதியோடு சேர்ந்து உள்ளே வந்தது. எரிந்த முடி போன்ற நாற்றம்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "கிளைவ், காலை எடு. கருகுது."

கரகரப்பு. பிறகு அவன் குரல், மெலிந்து, எங்கோ தொலைவிலிருந்து.

"ரோ! அப்பாடா. எத்தனை நேரமாக் கூப்பிடறேன், விட்டு விட்டு இரைச்சல்தான் வருது. ஒன்னுக்குப் போயிட்டு வரதுக்குள்ள கிளம்பிட்டியே! என்னைக் கொல்லப் பாக்கறியா? தண்ணிக் கேன் உன் வண்டில இருக்கு."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கயிறு விறைப்பாக நின்றது.

"நீதான தட்டுன."

"எதைத் தட்டுனேன்?"

"கதவுல. ரெண்டு தட்டு."

"நான் கேட் கிட்டயே நிக்கறேன் ரோ. அந்த வண்டில ஆளே இல்ல. எங்கயாவது மரத்துல முட்டிக் கிடக்கும், இறங்கிப் பாரு."

"முட்டல. பின்னாலயே வருது." அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். "வளைவுல சரியாத் திரும்புது. பிரேக் போடுது கிளைவ்."

"இறங்காத," என்றான். அந்தக் குரலில் கிளைவ் பேசி அவள் கேட்டதே இல்லை. "நிறுத்தாத. வீட்டுக்குப் போ."

"உனக்குத் தண்ணி?"

"நிறுத்தாத ரோ."

நிறுத்தியது அவளல்ல. கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. வண்டி திமிறி நின்றது. இன்ஜின் அணைந்தது. புழுதி முன்னால் ஓடிவந்து எல்லா ஜன்னல்களையும் மூடியது.

அமைதி. சூடான இரும்பு எங்கோ டிக் டிக்கென்று ஆறியது.

கயிற்றை அறுக்க வேண்டும். திரும்ப வேண்டும். கேட்டுக்குப் போய் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வேறு எதையும் நினைக்கக் கூடாது. டேஷ்போர்டில் கிடந்த கத்தியை எடுத்தாள். இறங்கினாள். ஒரு கையில் கத்தி, மறுகையில் வாக்கி டாக்கி. கயிற்றில் முழங்கை உரச நடந்தாள். கயிறு துடித்துக்கொண்டிருந்தது.

புழுதி மெல்ல அடங்கியது. முதலில் பானெட் தெரிந்தது. பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்த இரண்டு கைகள். நீலச் சட்டை. கிழிந்த பாக்கெட். கிளைவ்.

"கிளைவ்?"

அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கைக்குள் வாக்கி டாக்கி பேசியது. "ரோ, என்ன ஆச்சு? நின்னுட்டியா? ஏதாச்சும் பேசு."

ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்தவனின் உதடுகள் அசையவில்லை. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே செம்மண் தூள் அவன் முகத்தில் இறங்கியது. கன்னத்தில் படிந்தது. உதட்டில் படிந்தது. திறந்திருந்த விழிகளின் மேலும் படிந்தது. அவன் இமைக்கவில்லை.

கத்தி எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஓடினாள். கதவை அடைத்தாள். சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்தது. கியரைப் போட்டு மிதித்தாள். சக்கரங்கள் அலறின, மண்ணை வாரி இறைத்தன. வண்டி நகரவில்லை. மீண்டும் மிதித்தாள். பின்சக்கரங்கள் குழி தோண்டி இறங்கின. அச்சு தரையில் தட்டியது.

"ரோ... தொண்டை வறளுது... நீ வராத. வந்துடாத."

"கிளைவ்."

"ரோ..."

சின்னதாக ஒரு பீப். பிறகு ஒன்றுமில்லை. அவள் பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டாள். எதுவும் வரவில்லை.

சூரியன் புதர்களுக்குக் கீழே போனது. பாதையின் இரு பக்கமும் யாருமில்லை. காலைக்குள் அந்த வழியாக யாரும் வரப்போவதில்லை. மறுநாளும் இல்லை.

கண்ணாடியில் புழுதி முழுவதும் அடங்கியிருந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்து அவளையே பார்த்தான். எதிரே வரும் வண்டிக்காரருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வணக்கம் சொல்வது போல, ஸ்டீயரிங்கிலிருந்து அவனுடைய ஒற்றை விரல் மெல்ல, மிக மெல்ல உயர்ந்தது.